பலகாரக் கடையின் பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குக் கொடுப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பலகாரம் போட்டு விற்பவர்களும் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்களும் பயோடீசல் (சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுத்து டீசலோடு கலக்கும் எரிபொருள்) என்றதும் முதலில் கேட்பது, மானியம் எவ்வளவு என்பதைத்தான். அரசின் ஊக்கம் பெரும்பாலும் பயோடீசல் உற்பத்தியாளர் வழியாகவே இறங்குகிறது. கடைக்காரருக்கு அது பழைய எண்ணெயின் விலையாகத்தான் வந்து சேரும். ஆகவே மனு எழுதுவதைவிட, நல்ல விலை போகும் நிலையில் பழைய எண்ணெயை வைத்திருக்கப் பழகுவதே இதில் முதல் வேலை.

மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 விழுக்காடு தாவர எரிபொருள் கலக்க வேண்டும் என்றது. காட்டாமணக்கைப் பெரிதும் நம்பிய அந்தக் கணக்கு நடப்பில் பொய்த்தது. 2018 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, இலக்கை 2030-க்குள் 5 விழுக்காடு என்று இறக்கிக்கொண்டு, சமைத்து மீந்த எண்ணெயையும் மூலப்பொருளாக ஏற்றது. 2019 ஆகஸ்ட் 10 அன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், 100 நகரங்களில் இவ்வகை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலை வாங்கிக்கொள்ள முன்வந்து, முதலாண்டில் லிட்டருக்கு 51 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 52.70, 54.50 ரூபாயும் தருவதாக அறிவித்தன. டீசலில் கலப்பதற்காக இந்நிறுவனங்களுக்கு விற்கப்படும் பயோடீசலுக்கு ஜிஎஸ்டி வரி 2021-இல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த 51 ரூபாயைத் தங்கள் தகர டின்னில் இருக்கும் எண்ணெயின் விலை என்று நினைத்துப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. அது தயாரான பயோடீசலின் அன்றைய விலை. வண்டி வாடகை, ஆலைச் செலவு, சேகரிப்பவரின் ஆதாயம் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதே நமக்கு.

உங்கள் கடை எந்தப் பக்கம் என்பதை அடுத்துப் பாருங்கள். பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடமென்றால், 2019 மார்ச் 1 முதல் பதிவேடு வைப்பதும், மீந்த எண்ணெயை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே ஒப்படைப்பதும் கட்டாயம். என்ன எண்ணெய், எத்தனை லிட்டர் ஊற்றினோம், மாலையில் எவ்வளவு மீந்தது, எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதினால் போதும். அதற்குக் குறைவாகச் செலவழிக்கும் சிறு கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இருபது லிட்டருக்காக வெளியூர் வண்டி வந்து நிற்காது என்பதால், ஒரே தெருவில் இருக்கும் நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

எப்போது எண்ணெயைக் கழிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மொத்தப் போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது கெட்டு உண்டாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதை அளக்கக் கையடக்கக் கருவிகள் உண்டு. கருவி இல்லாதவர்கள், நுரை அடங்காமல் நிற்பது, சூடேறும் முன்பே புகைவது, நிறம் கறுத்துக் கெட்டிப்படுவது, சிக்கு வாடை வீசுவது ஆகியவற்றைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் பொரித்த எண்ணெய் ஓரளவு தெளிவாகவே இருக்கும். மசாலா தடவிய கோழி பொரித்த எண்ணெய் சீக்கிரம் கெடும். இரண்டையும் ஒரே டின்னில் ஊற்றினால் நல்ல எண்ணெயின் விலையும் சேர்ந்தே இறங்கும்.

ஆறிய பின் துணியில் வடிகட்டி, கசண்டை நீக்கி, உலர்ந்த மூடியுள்ள டின்னில் நிழலில் வையுங்கள். சட்டி கழுவிய தண்ணீர் ஒரு குவளைகூட அதில் விழக் கூடாது. ஆலையில் எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கும்போது, எரிபொருள் மேலேயும் கிளிசரின் கீழேயுமாகப் பிரியும்; தண்ணீரோ அதிகப் புளிப்போ இருந்தால் அது எரிபொருளாகாமல் சோப்பாகத் திரண்டுவிடும். வாங்குபவர் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் சோதிப்பதற்குக் காரணம் இதுதான். மோட்டார் எண்ணெய் இருந்த டின்னைத் தொடவே வேண்டாம்.

அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களின் பட்டியல், உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழைய சமையல் எண்ணெயைப் பயோடீசலாக மாற்ற 2018 ஆகஸ்ட்டில் தொடங்கிய ரூகோ திட்டத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். ஐயம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைக் கேட்கலாம். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால், காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கும், பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும். ரசீது இல்லாமல் இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் இன்னொருவர் வாணலிக்குத் திரும்பிப் போவதைத் தடுக்கத்தான் இத்தனை விதிகளும்.

கடை வண்டிக்குப் பயோடீசல் வாங்கி ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் வந்த வழிகாட்டுதல், டீசலோடு கலப்பதற்கான பொருளாகவே அதை விற்க அனுமதிக்கிறது. வண்டி டீசலில் 7 விழுக்காடு வரை அது கலந்திருப்பதை இந்தியத் தரநிலை ஏற்கிறது. வேறு ஏதோ எண்ணெயைப் பயோடீசல் என்ற பெயரில் மலிவாக விற்பவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். பயோடீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15607 தரச் சான்றைக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். பழைய வண்டியில் அளவுக்கு மீறிக் கலந்தால், தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும், ரப்பர் குழாயையும் ஊறவைத்துக் கெடுக்கும்.