மூங்கில் அடியில் வெள்ளை வலை தெரிந்தால்

மழைக்காலத்தில் மூங்கில் புதர்ப் பக்கம் போகும்போது செத்த எலி மாதிரி நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடாதீர்கள், மக்கிய சருகுக்குள் பாருங்கள். சாண் உயரத்தில் பஞ்சு போன்ற வெள்ளைத் தண்டு, தலையில் பச்சை கலந்த பழுப்புக் கூழ், அதற்குக் கீழே பாவாடையாய்த் தொங்கும் வெள்ளை வலை என்று இந்த மூன்றும் இருந்தால் அது பெரும்பாலும் ஃபாலஸ் இண்டூசியேட்டஸ் என்ற காளான். வலை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அதன் நெருங்கிய சொந்தம் ஏதாவது ஒன்று.

காலையிலேயே போங்கள். சில மணி நேரத்தில் முளைத்து விரிந்துவிடும், அப்புறம் நாற்றத்துக்கு வரும் ஈக்கள் கூழைத் தின்று வித்துகளைச் சுமந்துகொண்டு போய்விடும், வெயில் ஏறினால் வலையும் துவண்டுபோகும்.

விரியாத நிலையில் வெறும் முட்டை மாதிரிதான் இருக்கும், குழப்பம் வருவது இங்கேதான். ஒன்றை நெடுக்காக வெட்டினால் உள்ளே வழவழப்பான ஜெல்லி அடுக்கு தெரியும். கொடிய விஷமுள்ள அமானிட்டா காளானின் மொட்டில் அந்த ஜெல்லி இருக்காது, குட்டிக் குடையும் அதன் அடியில் செவுள் போன்ற மடிப்புகளும்தான் தெரியும்.

சீனாவில் இதை வளர்த்து, நாறும் தலையை நீக்கிக் காயவைத்து சூப்பில் போடுகிறார்கள். சரி, அதற்காகக் காட்டில் கண்டதைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். படம் எடுங்கள், அடியில் இருக்கும் பை போன்ற உறையும் படத்தில் விழட்டும்.