கில்லி மீன் முட்டை வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கில்லி என்பவை சிறு மீன்கள். அவற்றில் பல மழைக்குட்டையில் வாழ்பவை, குட்டை வற்றினாலும் முட்டை ஈரச் சேற்றில் மழைக்குக் காத்திருக்கும். அதனால்தான் முட்டையை ஈர நார்த்தூளோடு பையில் கட்டித் தருகிறார்கள். அந்தப் பையோடு வரும் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மீனின் பெயரோடு, எந்த ஊர்க் குட்டையில், எந்த ஆண்டு பிடித்த மீனின் வம்சம் என்றும் அதில் எழுதியிருக்கும். ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸ் என்ற கில்லி வகைகளில் சில, ஓரிரு குட்டைகளில்தான் இருக்கின்றன. அந்தக் குட்டையை மூடி வயலோ சாலையோ போட்டுவிட்டால் தொட்டியில் இருப்பதுதான் மிச்சம். ஊர் தெரியாத மீன் பார்க்க அழகாக இருக்கும், வம்சத்துக்கு உதவாது.

இடம் இல்லையென்று இரண்டு வகையை ஒரே தொட்டியில் விடுவதும் அதே தவறுதான். ஆணை நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பெண்களோ எல்லாம் ஒரே சாம்பல் நிறம், கலந்தால் பிரிக்க முடியாது.

அப்புறம், மீன் முட்டையிடத் தொட்டியில் போடும் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே என்று அப்படியே போடக் கூடாது, உப்பும் கறையும் போக ஊறவைத்து, கொதிக்கவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். மீன் அதில் முட்டையிட்ட பிறகு பிழிந்து, காகிதத்தில் பரப்பி, புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். சொதசொதவென்று கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும். நான் ஒரு சித்திரையில் பையைச் சரியாகக் கட்டாமல் மாடி அறையில் வைத்துவிட்டேன். கண்ணாடி மணி போல இருந்த முட்டைகள் குழி விழுந்து சுருங்கிக் கிடந்ததைப் பார்த்து அன்று சாப்பாடே இறங்கவில்லை.

குஞ்சு பொரிக்க எல்லா முட்டையையும் ஒரே நாளில் தண்ணீரில் நனைக்காதீர்கள். மானாவாரிக்காரர் இருக்கிற விதையை எல்லாம் முதல் மழைக்கே விதைப்பாரா? இந்த மீனும் அப்படித்தான், சில முட்டைகள் அடுத்த மழைவரை சேற்றிலேயே காத்திருக்கும்.

கிடைத்த குஞ்சுகளை ஒருவரே வைத்துக்கொள்வதும் ஆபத்து, அந்தத் தொட்டி போனால் வம்சமே போய்விடும். மெக்சிகோவின் எல் பொட்டோசி ஊற்றில் மட்டும் வாழ்ந்தது கேட்டரினா பப்ஃபிஷ், இதுவும் கில்லிக்குச் சொந்தம்தான். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊற்று வற்றியது (ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் பார்த்த அவிநாசிப் பக்கத்தவர்களுக்கு இது புரியும்), வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பாஸ் என்ற வேட்டை மீனும் சேர்ந்துகொண்டது. 1994-க்குப் பிறகு ஊற்றில் அது இல்லை. தொட்டியில் இருந்த கடைசி ஆணும் 2014-இல் செத்தது. அதே ஊற்றின் இன்னொரு பப்ஃபிஷ் வகை தொட்டிகளில் இன்றும் பிழைத்திருக்கிறது.

மிஞ்சிய மீனைத் தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள். நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்ன, நீர்மட்டத்திலேயே நின்று கொசுப்புழு தின்னும் நம்மூர்ச் சிறு மீன் ஒன்று உண்டு, அதுவும் கில்லிக்கு உறவுதான். கொசுவை ஒழிக்கவென்று விட்ட வெளிநாட்டு மீன்களான கம்பூசியாவோடும் கப்பியோடும் அது படுகிற பாடே போதும். வளர்க்கத் தெரிந்த இரண்டு பேருக்குக் கொடுங்கள், சீட்டில் இருப்பதையும் எழுதிக் கொடுங்கள்.