சாட்ஸ்வொர்த்தில் எத்தனை அடுப்பு எரிகிறது? புறநகர் வீட்டுத் திட்டத்துக்குத் தரவு சேர்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் என்ற புறநகரில், எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டோம். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் பிள்ளைகளுக்குத் தனி வீடு அமையவில்லை, பெற்றோர் வீட்டுப் பின்கட்டிலேயே காலம் ஓடுகிறது, நாமே சங்கமாகச் சேர்ந்து மாநகராட்சியிடம் நிலம் கேட்போம் என்று பேச்சு எழுந்தது. "சரி, எத்தனை வீடு வேணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒருவர் ஐம்பது என்றார், இன்னொருவர் ஐந்நூறு என்றார். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டாம். கூட்டல், பெருக்கல், எக்செல் அல்லது கூகுள் ஷீட், தெருத் தெருவாக நடக்க நான்கைந்து வார இறுதிகள். இவை போதும்.

1. எல்லையைக் கோடு போட்டு முடிவு செய்யுங்கள்

"சாட்ஸ்வொர்த்" என்று நாம் வாயால் சொல்வது வேறு, சென்சஸ் சொல்வது வேறு, தேர்தல் வார்டு வேறு. 2011 சென்சஸில் சாட்ஸ்வொர்த் என்ற பெயரில் 1,96,580 பேரும், டர்பனின் இன்னொரு புறநகரான ஃபீனிக்ஸில் 1,76,989 பேரும் பதிவானார்கள். அந்த எண்ணை ஏதோ ஒரு வார்டு எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு குலைந்துவிடும். உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைகிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய வார்டும் இன்றைய வார்டும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வரைபடத்தை அச்செடுத்து, உங்கள் பகுதியைச் சிவப்புப் பேனாவால் சுற்றி வரையுங்கள். இனிமேல் சேர்க்கிற எல்லா எண்ணும் அந்தக் கோட்டுக்குள் இருக்கட்டும்.

2. தலைக்கணக்கு: எடுங்கள், ஆனால் சந்தேகத்தோடு எடுங்கள்

மக்களாட்சி வந்த பிறகு 1996, 2001, 2011, 2022 என நான்கு சென்சஸ் நடந்திருக்கிறது. முடிவுகள் நாட்டின் புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டர்பனை உள்ளடக்கிய ஈத்தெக்வினி மாநகரத்தில் 2011இல் சுமார் 34 லட்சம் பேர், 2022இல் சுமார் 42 லட்சம் பேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீத வளர்ச்சி. இதை அப்படியே நம் பகுதிக்கு ஒட்டிவிடாதீர்கள். மாநகரம் வளர்கிற இடங்கள் வேறு, ஏற்கெனவே நிரம்பி வழிகிற பழைய புறநகர்கள் வேறு.

2022 எண்களில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள். இந்திய, ஆசிய வம்சாவளியினரில் விடுபட்டவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். மறு ஆய்வு நடத்தி எண்ணைச் சரிக்கட்டித்தான் வெளியிட்டிருக்கிறார்கள். முழு நாட்டுக்கு அந்தச் சரிக்கட்டல் ஓரளவு நிற்கும். நாலு தெருவுக்கு நிற்குமா என்றால், நான் அதன்மேல் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டேன். ஆகவே சென்சஸைப் பின்புலமாக வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் உங்கள் சொந்தக் கணக்காக இருக்கட்டும்.

மொத்த எண்ணைவிட வயதுப் பிரிவு அதிகம் பேசும். 25 முதல் 34 வயது வரை எத்தனை பேர் என்று பாருங்கள், தனிக்குடித்தனம் கேட்கப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். 65 தாண்டியவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். அவர்களுக்குப் படி ஏறாத தரைத்தள வீடு வேண்டும்.

3. கூரையை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள்

இந்தப் பதிவின் உயிரே இந்தப் படிதான்.

நான் முதலில் செய்த தவறு: செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கூரைகளை எண்ணினேன். ஒரு கூரைக்கு ஒரு குடும்பம் என்று போட்டேன். பிறகு நேரில் நடந்தபோது அந்தக் கணக்கு முதல் தெருவிலேயே உடைந்தது.

அந்தத் தெருவில் ஒரு வீடு. முன்பக்கம் வாசலில் மாவிலை, மஞ்சள் பூசிய நிலைப்படி, ஒரே ஒரு கதவு எண். பக்கத்துச் சந்தில் உள்ளே போனால் பின்னால் அவுட்பில்டிங், அதாவது பின்கட்டில் தனியாகக் கட்டிய அறைகள். துணிக்கொடி மூன்று. கேஸ் சிலிண்டர் இரண்டு, அடுத்த அறை ஜன்னலோரம் இரண்டு தட்டு மின் அடுப்பு ஒன்று. முன்வீட்டில் ஆயாவும் மூத்த மகன் குடும்பமும். பின்னால் இளைய மகன், மனைவி, கைக்குழந்தை. கடைசி அறையில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு நர்ஸ், வாடகைக்கு. "எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம் கண்ணு, ஆனா உலை மட்டும் தனித்தனி" என்றார் ஆயா. ஒரு கூரை, ஒரு ரேட்ஸ் (சொத்து வரி) பில், மூன்று குடும்பம்.

ஸ்டாட்ஸ் எஸ்ஏவின் இலக்கணமும் ஆயா சொன்னதுதான். சேர்ந்து வாழ்ந்து, உணவையும் மற்ற அத்தியாவசியங்களையும் சேர்ந்து பார்த்துக்கொள்பவர்கள் ஒரு குடும்பம். தனியாக வாழ்பவர் ஒருவர் என்றாலும் ஒரு குடும்பம். நம் வழக்கில் சொன்னால் ஒரே உலை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கணக்குக்காக 8,000 பேர் வாழும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு குடும்பத்துக்கு 4 பேர் என்றால் 2,000 குடும்பம். மக்கள்தொகையில் ஒருவர்கூடக் கூடவில்லை, ஆனால் கூட்டுக்குடும்பம் உடைந்து சராசரி 3.5 ஆகிறது. இப்போது 2,286 குடும்பம். ஒரு பிள்ளைகூடப் புதிதாகப் பிறக்காமலே 286 வீடு தேவைப்படுகிறது. "ஜனம்தான் கூடலையே, வீடு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வகுத்தலைப் போட்டுக் காட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் எழுந்த கதையும் இங்கேதான் வருகிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தின்கீழ், டர்பனின் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் மக்களைப் பெயர்த்து 1960களில் இங்கே கொண்டுவந்தார்கள். அப்போதும் எண்கள் இருந்தன, திட்டம் இருந்தது. எத்தனை தலை என்று எண்ணினார்களே தவிர, எப்படி வாழ்கிறார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகள். தாத்தா, சித்தப்பா, அத்தை என்று வாழ்ந்த குடும்பங்கள் அதற்குள் அடங்கவில்லை. பின்னால் எழுந்த அவுட்பில்டிங்குகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் திட்டத்தின் பிழையை மக்களே தங்கள் காசில் திருத்திக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றும்.

சரி, எண்ணுவது எப்படி? எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். உங்கள் கோட்டுக்குள் 1,920 மனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு 16ஆவது மனைக்கும் போங்கள். மொத்தம் 120. தெரிந்த வீடு, சொந்தக்காரர் வீடு என்று பொறுக்கினால் பயனில்லை, வரிசை சொல்கிற கதவைத்தான் தட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை நல்ல நேரம். பூட்டியிருந்தால் அடுத்த வாரம் அதே கதவுக்குத் திரும்புங்கள். பக்கத்து வீட்டுக்கு மாறிவிடாதீர்கள். பகலில் பூட்டியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம் தம்பதிகளுடையவை. நீங்கள் தேடுவதே அவர்களைத்தான்.

ஒவ்வொரு அடுப்புக்கும் நான்கு கேள்வி போதும்: எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், வசதி வந்தால் தனியே போவீர்களா, இப்போது வாடகையோ வீட்டுப் பங்கோ மாதம் எவ்வளவு தருகிறீர்கள், வேலைக்கு எங்கே போகிறீர்கள். வருமானத்தை நேரடியாகக் கேட்காமல் மூன்று வரம்பு எழுதிய அட்டையைக் காட்டி விரல் வைக்கச் சொல்லுங்கள். பெயரைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம். "பிளான் பாஸ் பண்ணாத கட்டடம், மாட்டிவிடுவீங்களோ" என்ற பயம் பல வீடுகளில் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. தாளில் முகவரி இருக்காது என்பதைத் திறந்து காட்டிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

120 மனைகளில் 42 கூடுதல் அடுப்பு கிடைத்து, அதில் 24 குடும்பம் தனியே போகத் தயார் என்றால், 24ஐ 120ஆல் வகுத்து 1,920ஆல் பெருக்குங்கள்: 384. ஆனால் அறிக்கையில் 384 என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த அளவு மாதிரியில் உண்மையான எண் சுமார் 250 முதல் 520 வரை எங்கும் இருக்கலாம். அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டுமானால் நாலு மடங்கு கதவு தட்ட வேண்டும். இடைவெளியோடு எழுதிய எண்ணை அதிகாரிகள் மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

4. யாரால் எவ்வளவு முடியும்?

வேண்டும் என்பவர்கள் எல்லோராலும் வாங்க முடியாது. அட்டையில் வைத்த மூன்று வரம்பு இங்கே உதவும். குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்ட் வரை என்றால் அரசின் முழு மானிய வீடு. 3,501 முதல் 22,000 வரை என்றால் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்ற ஒருமுறை உதவித்தொகை. முன்பு ஃபிளிஸ்ப் என்ற பெயரில் இருந்தது இதுதான். அதற்கு மேல் என்றால் பேங்க் பாண்டு, அதாவது வங்கி வீட்டுக் கடன். நடுவில் இருப்பவர்கள்தான் நம் பகுதிகளில் அதிகம் தவிக்கிறார்கள். மானிய வீட்டுக்கு வருமானம் கூடுதல், பாண்டுக்குக் குறைவு.

மாத வருமானம் 15,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 30 சதவீதம் என்றால் 4,500. 20 வருடம், 11 சதவீத வட்டி என்றால், ஒவ்வொரு 1 லட்சம் ரேண்ட் கடனுக்கும் மாதம் சுமார் 1,032 கட்ட வேண்டிவரும். ஆக 4,500க்குக் கிடைக்கக்கூடிய கடன் சுமார் 4 லட்சத்து 36 ஆயிரம். ரேட்ஸ், தண்ணீர், வளாகப் பராமரிப்பு என்று மாதம் 1,000 ஒதுக்கினால் அது 3 லட்சத்து 39 ஆயிரத்துக்கு இறங்கிவிடும். அந்த 1,000ஐ ஒதுக்காமல் போட்ட திட்டத்தில் வீடு வாங்கியவர்கள் மூன்றாம் வருடம் திணறுவார்கள். தயவுசெய்து அதை முதலிலேயே கழித்துவிடுங்கள். வட்டி மாறும்போது கணக்கையும் மாற்றுங்கள்.

5. சந்தை விலை

இணையத்தில் போடுகிற விலை விற்பவரின் ஆசை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஏறுகிற விலைதான் நடந்த வியாபாரம். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. சிறு கட்டணத்துக்கு விவரம் வாங்கலாம். பட்டியல் கைக்கு வந்ததும் அப்பா மகனுக்கு மாற்றியது, வாரிசு மாற்றம், சொற்ப விலைக்குப் பதிவானது எல்லாவற்றையும் நீக்குங்கள். நம் தெருக்களில் இவை நிறைய இருக்கும், விட்டுவைத்தால் சந்தை விலை பொய்யாகக் குறைந்து தெரியும். மாநகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரேட்ஸ் போடுவதற்காகச் செய்த மதிப்பு என்பதால் அதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

வாடகைக்கு எந்தப் பட்டியலும் உதவாது. அவுட்பில்டிங் வாடகை வாய்வழியாகவே முடிகிறது. மூன்றாம் படியில் கேட்ட கேள்விதான் உங்கள் தரவு. அதில் சராசரி எடுக்காமல், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடு எண்ணை எடுங்கள். ஏழு வாடகை: 3,200, 3,500, 3,500, 3,800, 4,000, 4,200, 9,500. சராசரி 4,500ஐத் தாண்டுகிறது. நடு எண் 3,800. அந்த ஒரு பெரிய ஃபிளாட் மற்ற ஆறு பேரின் கதையை மறைத்துவிடுகிறது.

6. தேவையையும் சக்தியையும் ஒன்றாக வைப்பது

24 குடும்பத்தில் 6 முழு மானிய வரம்பில், 12 நடுவில், 6 பாண்டுக்குத் தகுதி என்று வந்தால், 384ஐ அதே விகிதத்தில் பிரியுங்கள்: 96, 192, 96. நடுவில் உள்ள 192க்குச் சொந்த வீடு மட்டும் போட வேண்டாம், ஒரு பகுதி குறைந்த வாடகை ஃபிளாட்டாக இருக்கட்டும். நர்ஸைப் போல வேலைக்காக வந்தவர்களுக்கு வாடகைதான் பொருந்தும். முதியவர்கள் எண்ணிக்கையை எடுத்துத் தரைத்தள வீடுகளை ஒதுக்குங்கள். வேலை இடத்துக்கான பதில்களை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பலர் டர்பனின் தெற்கே உள்ள ஜேக்கப்ஸ், மோபெனி தொழிற்பேட்டைகள் பக்கம் போகிறார்கள் என்றால், மலிவாகக் கிடைக்கிறது என்று ஊருக்கு வெகு வடக்கே நிலம் கேட்பதில் அர்த்தமில்லை. நிலத்தில் மிச்சம் பிடித்த காசு டாக்ஸிக் கட்டணத்தில் போய்விடும்.

7. நிலம்

சாட்ஸ்வொர்த் உம்ஹ்லதுசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு நடுவே, மேடும் பள்ளமுமான இடம். காலியாகத் தெரிகிற நிலம் பல நேரம் காலியாக விடப்பட்டதற்குக் காரணம் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகள் சரிவோடு சேர்ந்து இறங்கின. புதுக் குடியிருப்புக்கு மனை பிரிக்கும்போது நூறாண்டு வெள்ளக்கோட்டை, அதாவது சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் எல்லையை, வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 1998இன் தேசிய நீர்ச் சட்டமே சொல்கிறது. அந்தக் கோட்டுக்குள் விழும் நிலத்தை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு இன்னும் 384 வீட்டைத் தாங்கும் திறன் இருக்கிறதா என்பதை மாநகராட்சிப் பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் சுருக்குங்கள். முதல் பக்கத்தில் வரைபடம், அடுப்புக் கணக்கு, இடைவெளியோடு தேவை எண். இரண்டாம் பக்கத்தில் வருமான வரம்பு, வாடகை நடு எண், கேட்கிற நிலம். மாநகராட்சி ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தின் வரைவை ஆண்டுதோறும் மார்ச் முடிவதற்குள் பட்ஜெட்டோடு சபையில் வைக்கிறது. ஜூலை 1இல் புதிய நிதியாண்டு தொடங்குமுன் மக்கள் கருத்துக் கேட்கும் வாரங்கள் வரும். அந்தக் கூட்டத்தில் வார்டு கவுன்சிலர் கையில் ஒரு பிரதி, அதிகாரி கையில் ஒரு பிரதி கொடுத்து, மூன்றாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.