கடைப் பலகைக்குக் கூப்பர் பிளாக்: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போடப்போகிறீர்கள், பலகையில் பழைய காலத்துக் களை வேண்டும் என்றால் கூப்பர் பிளாக் (Cooper Black) எழுத்துருவை எடுங்கள். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது, 1922இல் வந்தது. பிரிட்டனின் ஈசிஜெட் நிறுவன விமானங்களின் மேல் இருப்பதும் இதுதான். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் வைத்திருந்தால் அநேகமாக உங்கள் கணினியிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

இதுவும் செரிஃப் எழுத்துதான், அதாவது கோடுகளின் நுனியில் சின்னப் பாதம் வைத்த எழுத்து, ஆனால் நுனியெல்லாம் மழுங்கி உருண்டிருக்கும், கூர்முனையே கிடையாது. அதனால்தான் இவ்வளவு தடிமனாக இருந்தும் மிரட்டாமல், வாசலில் நின்று "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடும் பெரியம்மா மாதிரி இருக்கிறது. ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவருக்கும் வசதி, கூர்முனை இருந்தால்தானே முதலில் அங்கே பிரியும்.

முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக வைத்து மற்றதைச் சின்ன எழுத்தில் போடுங்கள். எல்லாமே பெரிய எழுத்தானால் சுவர் எழுப்பியது போல அடைத்துக்கொள்ளும், இதன் அழகே சின்ன எழுத்தின் தொப்பையில்தான் இருக்கிறது. பெரிய அளவில் போடும்போது எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள். கோலாலம்பூரில் பலகை என்றால் மலாய் வாசகம்தான் முதன்மையாகத் தெரிய வேண்டும், ஆகவே 'ரெஸ்தோரான்' என்ற ரூமிச் சொல்லுக்கே (ரூமி என்பது மலாய் எழுதும் ஆங்கில எழுத்து) கூப்பர் போய்விடட்டும்.

சரி, தமிழ்? இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். கூப்பரில் தமிழ் எழுத்தே இல்லை. நீங்கள் தமிழில் தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு மெலிந்த எழுத்துருவைக் கொண்டுவந்து வைத்துவிடும், பக்கத்தில் ரூமி குண்டாக இருக்கிறதே என்று அதற்கு வெளிக்கோடு கொடுத்துத் தடிக்க வைப்பார்கள், உடனே ண, ஞ, இ எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் ஓட்டை அடைந்து மைப்பொட்டாகிவிடும். அந்த வேலையே வேண்டாம். பிறக்கும்போதே தடித்த தமிழ் எழுத்துருவைத் தேடுங்கள், பலூ தம்பி 2 (Baloo Thambi 2) நல்ல ஜோடி: அதுவும் உருண்டை, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். இரண்டையும் ஒரே பாயின்ட் அளவில் வைத்துவிட்டுப் பொருந்துகிறது என்று நம்பாதீர்கள், 'ப' உயரமும் ரூமிச் சின்ன எழுத்தின் உயரமும் கண்ணுக்குச் சமமாகும்வரை தமிழைக் கூட்டிக் குறையுங்கள். மேலே புள்ளிக்கும் இகர மேல்விலங்குக்கும் ('கி'யின் மேல்வளைவு) இடம் விட மறக்காதீர்கள், பலகை ஓரத்தில் புள்ளி வெட்டுப்பட்டால் 'க்' 'க'வாகிவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சின்னதாகப் பிரின்ட் எடுத்துத் தூரத்தில் ஒட்டிப் பாருங்கள். ரூமி 'a', 'e' ஓட்டைகள் தெரியவில்லை என்றால் அளவு போதவில்லை.

விலைப்பட்டியலுக்கு இது ஆகாது, நாலு வரியிலேயே கண் களைத்துவிடும். கிளினிக், வக்கீல் அலுவலகம், கருமக்கிரியை அறிவிப்பு, இதிலெல்லாம் வேண்டவே வேண்டாம். உணவுப் பட்டியலிலும் இதே சாயல் வேண்டுமென்றால் ஃபிரான்சஸ் (Fraunces) எடுங்கள்: கூப்பர், வின்ட்சர் போன்ற பழைய எழுத்துருக்களைப் பார்த்துச் செய்தது, மெலிந்ததிலிருந்து குண்டுவரை எல்லா எடையும் உண்டு, வணிகத்துக்கும் இலவசம்.