குதிக்கால் நோ: முள்ளைப் பார்த்து ஏமாறும் பிழைகள்

போன மாசியில் சுவிஸில் இருக்கும் தம்பியின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். குதிக்காலின் பின்பக்கம், சப்பாத்தின் விளிம்பு உரசுகிற இடத்தில், புளியங்கொட்டை அளவில் சிவந்த புடைப்பு. ஸ்கீ சப்பாத்துப் போட்டு நான்கு நாள் பனியில் சறுக்கியதன் பலன். "பெரியப்பா, உங்களுக்கும் குதிக்கால் முள் இருந்ததெல்லே, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டான். வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் இருந்தபடி, பெரிய டொக்டர் மாதிரி, படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிக்காலைக் கீழே இறக்கி இழுக்கச் சொன்னேன். எனக்குச் சுகம் தந்த பயிற்சி அதுதான். பத்து நாளில் பெடியன் நொண்டத் தொடங்கிவிட்டான்.

எனக்கு நொந்தது குதிக்காலின் அடியில். அவனுக்கு நொந்தது பின்னால். இரண்டையும் நாங்கள் 'முள்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஒன்றுக்கு மருந்தாகிற பயிற்சி மற்றதற்குக் கெடுதியாகலாம் என்பது எனக்கு அவன் நொண்டிய பிறகுதான் தெரியும். ஆகவே எண்ணெய், குளிசை, சப்பாத்து என்று எதைத் தேடுவதற்கு முதலும் கதிரையில் இருந்து காலைத் தூக்கிப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கால் முடிந்து குதிக்கால் தொடங்கும் இடத்தில், உட்பக்கமாக, ஒரு புள்ளியில் உயிர் போகிறதா? அல்லது பின்னால், குதிக்கால் நரம்பு என்று நாங்கள் சொல்லும் அந்தத் தடித்த நாண் எலும்பில் வந்து ஒட்டும் இடத்திலா?

எக்ஸ்ரே படத்தைக் கண்டு பயப்படுவது

என் கதை கொழும்பு ஆடிவேல் திருவிழாவில் தொடங்கியது. புறக்கோட்டையில் புடவைக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நாளுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிற கால். அந்தக் காலோடு செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி வரை வேல் ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தேன். அடுத்த நாள் விடிய எழும்பிக் கட்டிலால் காலை நிலத்தில் வைத்ததும், யாரோ ஆணி வைத்திருந்தது போல இருந்தது. பத்து அடி நடக்கக் குறைந்தது. பின்னேரம் கடையில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பத் திரும்பவும் வந்தது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிக்கால் எலும்பின் அடியில் இருந்து விரல்களை நோக்கிக் கிளிச்சொண்டு போல ஒரு கூர். "முள் வளர்ந்திருக்கு, வெட்டி எடுக்கலாம்" என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எத்தனை தரம் பார்த்திருப்பேன்! நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கூர் சதைக்குள் இறங்குவதாக ஒரு கற்பனை.

அந்தக் கூர் நிலத்தை நோக்கி வளர்வதில்லை. பாதத்துக்குச் சமாந்தரமாக, முன்பக்கமாகத்தான் வளர்கிறது. குத்துவதற்கு அதற்கு வழியே இல்லை. அமெரிக்க எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர்களின் அகடமி நோயாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: பத்துப் பேரில் ஒருவருக்குக் குதிக்கால் முள் இருக்கும், முள் உள்ள இருபது பேரில் ஒருவருக்குத்தான் கால் நோகும். மற்றப் பத்தொன்பது பேரும் முள்ளோடு சுகமாக நடந்து திரிகிறார்கள். நோவது, குதிக்கால் எலும்பில் இருந்து விரல்கள் வரை வில்லின் நாண் போல இழுபட்டிருக்கும் பாதத்தின் தசைநார்ப் பட்டை. அதைத்தான் பிளான்டர் பேசியைட்டிஸ் என்று துண்டில் எழுதுகிறார்கள். முள்ளைத் தொடாமலே நோ மாறுவதற்கும் காரணம் அதுதான். சாதாரண வைத்தியத்தோடு பத்து மாதத்துக்குள் 90 வீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகம் வருகிறது என்கிறது அதே அகடமி. பத்து மாதம் என்பதைக் கவனியுங்கள். பத்து நாள் செய்துவிட்டு "சரிவரேல்லை" என்று அடுத்த வைத்தியரைத் தேடுவதுதான் எங்கள் ஆட்களின் வழமை.

வீட்டுக்குள் வெறுங்கால்

வெளியில் போட இருபதாயிரம் ரூபாய்க்குச் சப்பாத்து வாங்குவோம். வீட்டு வாசலில் அதைக் கழற்றிவிட்டு, பளிங்கு போன்ற டைல்ஸ் தரையில் சமைத்து, கூட்டி, ஃபோன் கதைத்தபடி உலாவி, இன்னும் நான்கு மணித்தியாலம் வெறுங்காலில் நிற்போம். கொழும்பு பிளட்டுகளில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலரின் குதிக்கால் நோவுக்கு இந்தத் தரையைத்தான் நான் குற்றம் சொல்வேன். சாணி மெழுகிய தரையில் நடந்த எங்கள் அம்மாமாருக்கு இந்தக் கரைச்சல் இருந்ததாக ஞாபகம் இல்லை.

வாசலுக்குள் வராத சப்பாத்து வேறு, வீட்டுக்குள் மட்டும் போடுகிற செருப்பு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேய்ந்து தாள் போலாகிவிட்ட இறப்பர் செருப்பு இதற்கு உதவாது. குதிக்கால் பக்கம் தடித்து, உள்ளங்கால் வளைவைத் தாங்குகிற மாதிரி இருக்கவேண்டும். கட்டிலடியில் அதை வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் முதல் அடியே அதற்குள் விழட்டும்.

அந்த முதல் அடிக்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. நான் ஒரு மாதம் பிந்தித்தான் தொடங்கினேன். கட்டில் விளிம்பில் இருந்து, நோகிற காலை மற்றத் தொடைக்கு மேல் போட்டு, கையால் கால்விரல்களை முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு வளைக்க வேண்டும். மற்றக் கைப் பெருவிரலால் உள்ளங்காலைத் தடவினால் கிட்டார்த் தந்தி மாதிரி ஒரு நாண் விறைத்து நிற்பது தெரியும். அது விறைக்கவில்லை என்றால் நீங்கள் போதியளவு வளைக்கவில்லை. பத்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்துத் தரம், நாளுக்கு மூன்று முறை. சோம்பலாக நாலு தரம் இழுத்துவிட்டு ஓடுகிற நாட்களில் நோ தன் கணக்கைச் சரியாக வாங்கிவிடும். பின்னேரத்தில், உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைச் சீலையால் சுற்றி உள்ளங்காலால் உருட்டினால் ஆறுதலாக இருக்கும்.

நோ கொஞ்சம் அடங்கியதும் அதோடு நிற்பதும் பிழை. பட்டைக்குப் பலம் ஏறவேண்டும். 2014 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை ஒன்றைப் பிசியோ எனக்குச் சொல்லித் தந்தார். துவாயைச் சுருட்டிக் கால்விரல்களுக்குக் கீழே வைத்து, படியில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிக்காலை உயர்த்துவது. மூன்று எண்ணுக்குள் மேலே, மேலே இரண்டு எண்ணும் நேரம், மூன்று எண்ணுக்குள் கீழே. ஒன்றுவிட்டொரு நாள். மெதுவாகச் செய்வதில்தான் இருக்கிறது எல்லாம்.

செங்கல்லும் குளிசையும் ஊசியும்

ஊரில் குதிக்கால் வாதத்துக்குச் செங்கல்லைச் சூடாக்கி, எருக்கம் இலையைப் பரப்பி, அதன் மேல் காலை வைப்பார்கள். என் மாமியும் விடவில்லை. சூடு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது. கால் விறைத்துப் போனவருக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் காணுவார். அந்தப் புண் குதிக்கால் நோவைவிட ஆயிரம் மடங்கு பெரிய தலையிடி. ஐஸ் போத்தலுக்கும் அதே எச்சரிக்கைதான்.

பாமசியில் டைக்குளோபெனக் என்ற நோக் குளிசையை வாங்கி மாதக் கணக்கில் போடுவது இன்னொன்று. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். பிறஷர் குளிசை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. சில நாட்களுக்கு, வைத்தியர் சொல்லி, சாப்பாட்டுக்குப் பின் என்றால் வேறு கதை.

குதிக்காலின் அடியில் ஸ்டீரொயிட் ஊசி போட்டால் நோ சட்டென்று குறையும். அந்தச் சந்தோசத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று கேட்டு வாங்குவதுதான் பிழை. திரும்பத் திரும்பப் போட்டால் குதிக்காலுக்கு மெத்தை போலிருக்கும் கொழுப்பு கரையலாம், பட்டையே அறுந்தும் போகலாம். பின்பக்க நாணுக்குள் இந்த ஊசியை ஏற்றுவது அதைவிட மோசம். நாண் அறுந்தால் ஒபரேஷன்வரை போகும்.

எந்த நோவையும் முள் என்று சொல்லி இருந்துவிடவும் கூடாது. குதிக்காலை இரண்டு பக்கமாகவும் உள்ளங்கையால் அமத்தினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம். கால் விறைத்து, மின்சாரம் அடித்தது போல் இருந்தால் நரம்பு. வயது முப்பதைத் தாண்டாத ஒருவருக்கு இரண்டு குதிக்காலும் நொந்து, காலையில் முதுகும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும் போதாது. இலங்கையில் மூட்டுவாதமும் புனர்வாழ்வும் ஒரே மருத்துவத் துறையாக இருப்பது ஒரு வசதி: அரசாங்க ஆஸ்பத்திரியின் ரியூமட்டோலொஜி கிளினிக்குக்குப் போனால், பிசியோவுக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள். வரிசையில் நிற்கிற அந்தக் காலை நேரத்துக்கு அந்த வீட்டுச் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள்.

பின்பக்கம் நொந்தால்: ஸ்கீ சப்பாத்தின் கதை

இனிப் பெறாமகனுக்கு வருவோம். குதிக்கால் எலும்பின் பின் மேல்மூலை சிலருக்குக் கொஞ்சம் புடைத்திருக்கும். சுவீடன் நாட்டு வைத்தியர் ஹாக்லுண்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். கடினமான சப்பாத்து அதில் உரச, எலும்புக்கும் நாணுக்கும் இடையில் இருக்கும் நீர்ப்பை வீங்கும். படியில் நின்று குதிக்காலைக் கீழே இறக்கும்போது அந்த நாண் எலும்பின் மூலையில் வைத்து நசிபடுகிறது. நான் சொல்லிக் கொடுத்தது அந்த நசிப்பைத்தான். அவன் செய்திருக்க வேண்டியது சமதரையில் நின்று குதிக்காலை உயர்த்தித் தரைமட்டம் வரை மட்டும் இறக்குவது. கூடவே சாதாரண சப்பாத்துக்குள் குதிக்காலுக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தும் பட்டி. புடைப்பு ஆறும் வரை பின்பக்கம் திறந்த செருப்பு.

பனி என்று நான் கண்ணால் கண்டது நுவரெலியாவில் தை மாதப் புல்லில் படிந்ததைத்தான். ஸ்கீ சப்பாத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பெடியன் பொருத்திக் கொடுக்கும் கடைக்குப் போனபோது வீடியோவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். புடவை அளக்கிறவனுக்கு அங்கே நடந்த அளவெல்லாம் விளங்கியது.

நோகக்கூடாது என்று பெரிய இலக்கமாக வாங்கியதுதான் அவனுடைய முதல் பிழை. ஸ்கீ சப்பாத்தின் இலக்கம் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். சுவரில் குதிக்காலை ஒட்டி நின்று அளந்தால் அவனுடைய கால் 26.4. போட்டிருந்தது 28. பெரிய சப்பாத்துக்குள் குதிக்கால் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலும் கீழும் ஏறி இறங்கியிருக்கிறது. அதைத் தடுக்கக் கொக்கிகளை இறுக்கியிருக்கிறான்; இறுக்கப் புறங்கால் விறைத்தது, குதிக்கால் நின்றபாடில்லை. குளிருக்கு இரண்டு சோடி மேஸ் வேறு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கொப்புளம். முழங்கால் வரை வரும் மெல்லிய மேஸ் ஒன்றே ஒன்று. உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் விளிம்பைக்கூடச் சப்பாத்துக்குள் செருகக்கூடாது.

கடைக்காரர் செய்ததைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையைக் கழற்றினார். வெறும் பிளாஸ்ரிக் ஓட்டுக்குள் பெடியனை நிற்கவைத்து, விரல் நுனி முன்பக்கம் தொடும்வரை காலை முன்னே தள்ளச் சொல்லி, குதிக்காலுக்குப் பின்னால் உள்ள இடைவெளியைப் பார்த்தார். ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் சரி. 28 இல் அவருடைய மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. 26.5 ஐக் கொடுத்தார். போட்டதும் "பெரியப்பா, விரல் முட்டுது, இது சின்னன்" என்றான். முழங்காலை முன்னே மடிக்கச் சொன்னார். குதிக்கால் பின்னுக்குப் போய்க் குந்தியது, விரல்கள் விடுபட்டன. நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு "இறுக்கம்" என்று சொல்லுகிறவர்கள்தான் பெரிய இலக்கத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளுறையும் பாவிக்கப் பாவிக்க அமிழ்ந்து இடம் விடும்.

அடுத்ததாக ஒரு லிப்ஸ்டிக் கேட்டார். கூட வந்திருந்த தாய் கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். புடைப்பின் உச்சியில் ஒரு பொட்டு வைத்து, காலை ஓட்டுக்குள் விட்டு எடுக்க, உள்ளே எந்த இடத்தில் முட்டுகிறது என்று சிவப்பாக அடையாளம் விழுந்தது. அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, வெளிப்பக்கமாக ஒரு குழி தள்ளிவிட்டார். இதைத்தான் முதல் நாளே செய்திருக்கலாம். இணையத்தில் மலிவாக ஓடர் பண்ணி மிச்சம் பிடித்த காசு, இரண்டு வாரம் நொண்டியதில் போய்விட்டது.

இப்போது அவன் மலையேற்றும் லிப்டில் இருக்கும்போதும் மத்தியானச் சாப்பாட்டின்போதும் கொக்கிகளைத் தளர்த்திவிடுகிறான். இரவில் சப்பாத்தைக் காருக்குள் விடுவதில்லை. குளிரில் பிளாஸ்ரிக் கல்லாகிவிடும், காலையில் கால் நுழையாது. உள்ளுறையைக் கழற்றி வீட்டுக்குள் காயப் போடுகிறான். சமதரையில் குதிக்காலை உயர்த்துகிற பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்கிறானா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஃபோன் எடுத்துக் கேட்பேன். "நீங்கள் உங்கட துவாயைச் சுருட்டினீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்பான்.