மொய் நோட்டு இருக்கிறது, செலவு நோட்டு எங்கே?

மதுரைப் பக்கம் பல வீடுகளில் பீரோவுக்குள் மொய் நோட்டு ஒன்று பத்திரமாக இருக்கும். இருபது வருடத்துக்கு முன் யார் 101 ரூபாய் எழுதினார் என்பதுவரை அதில் பார்க்கலாம். அதே வீட்டில் போன மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டால் பதில் வராது. மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதனால் எழுதுகிறோம். செலவை எதற்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமலே தொடங்குவதால், பத்தாம் தேதியோடு நோட்டு நின்றுவிடுகிறது.

நான் முதல் மாதம் எழுதியபோது கொத்தமல்லிக் கட்டு 10 ரூபாயைக்கூட விடவில்லை. கடைசியில் கூட்டினால் 'இதர செலவு' மட்டும் 6,400 ரூபாய்! பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போனில் ஆர்டர் செய்த சாப்பாடு. கொத்தமல்லிக்குக் கணக்கு வைத்தவன் 300 ரூபாய் பிரியாணியை 'இதர' என்று ஒளித்து வைத்திருக்கிறேன். 'இதர' என்று ஒரு தலைப்பு வைத்தால், எழுத வெட்கப்படுவதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அந்தத் தலைப்பே வேண்டாம்.

"எல்லாம் யுபிஐதானே, போனிலேயே இருக்கிறது" என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் பல சின்னக் கடைகளுக்குக் கடைக்காரர் பெயர்தான் வரும். பத்து நாள் கழித்து அந்த 240 ரூபாய் பழமா, பஞ்சர் கடையா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? பணம் அனுப்பும்போதே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. 'பால்', 'பெட்ரோல்' என்று ஒரு சொல் போட்டால் போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, ஒரு மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு "எனக்கு 8,000 மிச்சமாகிறது" என்று முடிவு கட்டுவது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஜூனில் ஸ்கூல் பீஸ், அப்புறம் தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், ஆவணியிலும் தையிலும் வரிசையாகக் கல்யாணம். பீஸ் 40,000, தீபாவளி 15,000, மொய் 12,000, இன்சூரன்ஸ் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 72,000, அதாவது மாதம் 6,000. அப்படியென்றால் உங்கள் மிச்சம் 8,000 இல்லை, 2,000தான். இதைப் பார்க்காமல் 8,000 ரூபாய்க்கு எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முதலீடு) போட்டவர்கள்தான் ஜூனில் அதை நிறுத்துகிறார்கள், அல்லது கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு மினிமம் மட்டும் கட்டுகிறார்கள். கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் வட்டி என்றாலே வருடத்துக்கு 36 சதவீதம். அந்தக் கடன் இருக்கும்வரை எந்த முதலீட்டைப் பற்றியும் பேசுவதில் அர்த்தம் இல்லை. முதலில் அந்த 6,000 ரூபாயை வேறொரு கணக்கில் மாதாமாதம் ஒதுக்குங்கள்.

நகைச் சீட்டைச் சேமிப்புப் பக்கத்தில் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பதினோரு மாதம் கட்டி முடித்தால் பெரும்பாலும் கையில் வருவது பணமல்ல, நகை. செய்கூலி, சேதாரத்தில் சலுகை கிடைக்கலாம். ஆனாலும் அது முன்பணம் கட்டி வாங்கும் பொருள். செலவுப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

செலவைக் குறைத்தபின் அந்தப் பணத்தை அப்படியே கணக்கில் விட்டுவைப்பதும் வீண். ஆர்டர் சாப்பாட்டைச் சனிக்கிழமை மட்டும் என்று குறைத்தபோது எனக்கு 2,000 ரூபாய் மிஞ்சியது. முதல் இரண்டு மாதம் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு சம்பளம் வந்த மறுநாளே ஆர்டியில், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்புக் கணக்கில், போய்விடும்படி மாற்றினேன். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஐந்து வருட ஆர்டி தொடங்கலாம், அதனால் தொகை சின்னது என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இன்னொன்று, நோட்டைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடாதீர்கள். "இது எதுக்கு வாங்கினே?" என்று நான் கேட்கத் தொடங்கிய மாதம், வீட்டில் பாதிச் செலவு நோட்டுக்கே வரவில்லை. இப்போது நோட்டு என் மனைவியிடம். கொத்தமல்லியை அவர் எழுதுவதே இல்லை.