கல்லைப் போட்டுப் பால் காய்ச்சி மமியா செய்வது எப்படி?

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலும் இருக்கிற பாஸ்க் மலைகளில், ஆடு மேய்ப்பவர்கள் பால் கறந்த மரப் பாத்திரத்தின் பெயர் 'கைக்கு'. (வேற்றுமை உருபு மாதிரித் தெரிகிறது, ஆனால் உச்சரிப்பு அதுதான்.) ஒரே பிர்ச் மரத்துண்டைக் குடைந்து செய்வது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கறப்பதற்காக. மரம் என்பதால் அடுப்பில் ஏற்ற முடியாது, அதனால் கல்லைப் பழுக்கக் காய்ச்சிப் பாலுக்குள் போட்டார்கள். அப்படிக் காய்ச்சி உறைய வைத்த செம்மறிப் பால்தான் மமியா. கல்லில் பால் தீயும் அந்த வாசனைக்குக்கூட 'கிஸ்கிலுர்ரின்' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலோகப் பாத்திரங்கள் வந்து எவ்வளவோ காலமாகியும் அது இல்லாத மமியாவைச் சிலர் ஏற்பதில்லை. எனக்கும் இப்போது அப்படித்தான்.

தேவை: 1 லிட்டர் செம்மறிப் பால், சீஸ் செய்யும்போது பாலை உறைய வைக்கப் பயன்படும் ரென்னெட், கைப்பிடி அளவில் இரண்டு கல், நீளக் கைப்பிடி இடுக்கி.

முதலில் கல். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆற்றங்கரையில் வழவழப்பாகக் கிடந்ததை எடுத்து வந்து தணலில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்துச் சில்லு முகத்துக்குப் பக்கத்தில் பறந்தது. கல்லுக்குள் ஈரம் இருந்தால் அது ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். சுண்ணாம்புக்கல் வேண்டவே வேண்டாம், சூட்டில் உதிரும். அங்கே பெரும்பாலும் ஓபைட் என்ற பச்சை சாயல் கொண்ட கரும்பாறையைத்தான் எடுப்பார்கள். எந்தக் கல்லானாலும் பல நாள் உலர வைத்து, மெல்லிய சூட்டில் ஆரம்பித்து, தள்ளி நின்று, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை காய்ச்சிப் பார்த்த பிறகே பாலுக்குக் கொண்டு போங்கள்.

அப்புறம் பாலைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கல் உள்ளே போனதும் சுர்ரென்று பொங்கி விளிம்புக்கு வரும். கல்லின் சாம்பலைத் தட்டிவிட்டு மெதுவாக இறக்குங்கள், கொதி அடங்கியதும் எடுத்துவிட்டு அடுத்த கல். கடையில் அலங்காரத்துக்கு விற்கிற வார்னிஷ் அடித்த கைக்கு வேண்டாம், கண்ணாடிப் பாத்திரமும் விரிசல் விடும். கைக்கு கிடைக்காதவர்களுக்குக் கனமான எவர்சில்வர் போதும்.

கல்லை எடுத்துவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40 டிகிரி சுமார்) ஆற விடுங்கள். கிண்ணங்களில் ரென்னெட்டைச் சொட்டுங்கள், அளவு புட்டியில் போட்டிருப்பதுதான். மேலே பாலை ஊற்றுங்கள். கலக்காதீர்கள், கிண்ணத்தை நகர்த்தாதீர்கள். தயிர் மாதிரி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். குளிரவைத்து, தேன் விட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரை போட்டால் அந்தத் தீய்ந்த வாசனை அமுங்கிவிடுகிறது.

பின்சேர்க்கை: பாக்கெட் பசும்பாலில் உறையவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். கொதித்த பாலில் ரென்னெட் பலவீனமாகத்தான் வேலை செய்யும். செம்மறிப் பாலில் புரதம் அதிகம், அதனால் அது தாங்குகிறது. அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற பால் சுத்தமாக உதவாது. சைவக்காரர்களுக்கு: பாஸ்க் மேய்ப்பர்கள் ரென்னெட்டை வழக்கமாக எடுத்தது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து, நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டும் கிடைக்கிறது, நான் அதைத்தான் வாங்குகிறேன்.